முரட்டுக் காடியா, சொகுசுக் காடியா? பீடோரில் இருந்துகொண்டு டைப் ஆரையும் ஜிடிஐயையும் எடைபோட்டால்

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் ஈப்போவில் தொழிற்சாலை டெக்னீசியன். இன்னொருவர் சிங்கப்பூரில் ஏழு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். மூன்றாவது என் அக்கா மகன். அவன் கையில் பணம் இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. கேள்வி ஒன்றுதான். பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுப்பதா, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ எடுப்பதா?

கோலாலம்பூர்க்காரர் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். அங்கே தெருவுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் பட்டறை, கார் நிறுத்தக் கூரை, வார இறுதியில் செப்பாங் பந்தயத் தடம். நாம் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பீடோர். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், இன்னொரு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் பழைய ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை. பழ லோரி போன தடத்தில் உதிரிப் பழம் கிடக்கும். மழை பெய்தால் அது நசுங்கி எண்ணெய் விட்டு வழுக்கும். இங்கே இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் காடி வாங்குகிறவருக்கான கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டிலும் கொஞ்சம் அனுபவம் உண்டு. சித்தப்பா மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது தன் டைப் ஆரை ஐந்து மாதம் என்னிடம் விட்டுப் போனான். "வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் ஓட்டுண்ணே, நின்னே இருந்தா கெட்டுப் போயிரும்" என்றான். அதைவிடச் சந்தோஷமான பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதன் பிறகு நான் வாங்கியது ஜிடிஐ. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எந்தக் கார், எந்த வருடம்

டைப் ஆர் என்று நான் சொல்வது 2007-ல் வெளிவந்த நான்கு கதவு எஃப்டி2 ரகத்தை. நம்மாட்கள் வாயில் எஃப்டி2ஆர். ஜப்பானில் கட்டி முழு வண்டியாக இங்கே வந்தது. ஜப்பானில் 2010-லேயே விற்பனை முடிந்துவிட்டதால், இன்று கிடைப்பது எதுவானாலும் பதினைந்து வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். ஜிடிஐ என்பது 2013-ல் இங்கே வந்த ஏழாம் தலைமுறை. புதிய டைப் ஆர்களைப் பற்றிப் பேசவில்லை. அவற்றின் விலையில் பீடோரில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். அதோடு பின்னால் வந்த எஃப்கே8 ரகத்திலிருந்து ஹோண்டாவே 'கம்ஃபர்ட்' என்று ஒரு முறையை வைத்துவிட்டது. அதில் முரட்டுத்தனம் பாதி போயாச்சு.

எதை வைத்து அளப்பது

காரைப் பார்க்கப் போகும் முன் ஐந்து விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை எந்த ரோட்டில் போவீர்கள்? பின்சீட்டில் யார் உட்காருவார்? கெட்டுப்போனால் யார் கை வைப்பார்? வாங்கிய பிறகு மாதம் என்ன செலவு? விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

வேகத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நெடுஞ்சாலையில் வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் கேமரா படம் பிடிக்கும், சம்மன் வீட்டுக்கு வரும். இரண்டு கார்களும் அந்த 110-ஐ மூச்சு வாங்காமல் தாண்டும். ஆகவே எது வேகம் என்ற விவாதத்தை மாமாக் கடையில் தே தாரிக்கோடு வைத்துக்கொள்ளலாம்.

| | டைப் ஆர் எஃப்டி2 | கோல்ஃப் ஜிடிஐ ஏழாம் தலைமுறை |
|---|---|---|
| இன்ஜின் | 1,998 சிசி, டர்போ இல்லை | 1,984 சிசி, டர்போ உண்டு |
| குதிரைத்திறன் | 225, நிமிடத்துக்கு 8,000 சுற்றில் | 220, 4,500 சுற்றிலிருந்து |
| இழுவிசை (நியூட்டன் மீட்டர்) | 215, 6,100 சுற்றில் | 350, 1,500 முதல் 4,400 சுற்று வரை |
| கியர் | 6, கையால் மாற்றுவது | 6, இரட்டைக் கிளச் டிஎஸ்ஜி |
| டயர் | 225/40, 18 அங்குலம் | 225/40, 18 அங்குலம் |
| ஆண்டுச் சாலை வரி (தீபகற்பம்) | 379 வெள்ளி (ரிங்கிட்) | 372 வெள்ளி |

இந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது வரி. ஜிடிஐயின் முழு இழுவிசையும் 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மிதியை லேசாகத் தொட்டாலே போதும், லோரியைத் தாண்டிவிடலாம். டைப் ஆரில் அதே வேலைக்கு இரண்டு கியர் கீழே இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டால்தான் சாமி வரும். அடுத்தது டயர் வரி. இரண்டுக்கும் ஒரே அளவு. அப்படியானால் ஒன்று ஏன் இடுப்பை உடைக்கிறது, இன்னொன்று ஏன் தாலாட்டுகிறது? எல்லாம் ஸ்பிரிங்கிலும் அப்சோர்பரிலும் இருக்கிறது. "டயரை மாத்தினா சரியாயிரும் தம்பி" என்று டைப் ஆரை விற்கும் புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம்.

டைப் ஆர்: ரோட்டில்

முதல் நாள் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். வீட்டிலிருந்து தோட்ட ஆபீஸ் வரை செம்மண் பாதை, அப்புறம் தார், தமிழ்ப்பள்ளிக்கு முன் மூன்று பம்ப் (வேகத்தடை), அதற்கப்புறம்தான் பெரிய ரோடு. மொத்தமே நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டரில் ரோட்டுக்குப் போட்ட ஒட்டுகளை எல்லாம் என் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிவிட்டது. இருபது வருடமாகப் போய்வரும் பாதை அது, அதில் இத்தனை ஒட்டு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தக் கியர் கம்பி! ஒவ்வொரு கியரும் துப்பாக்கியில் தோட்டா போடுவதுபோல் 'சடக்' என்று உட்காரும். ஸ்டீயரிங் கையில் பேசிக்கொண்டே இருக்கும். முன்சக்கரம் மணலைத் தொட்டதா, ஈரத்தைத் தொட்டதா என்பது கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். சுற்று ஏறி விடெக் (ஹோண்டாவின் வால்வு நுட்பம்) திறந்ததும் சத்தமே வேறு. எண்ணாயிரத்து நானூறில் சிவப்புக் கோடு. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

ஒரு சின்ன விஷயம். கியர் கம்பியின் தலை அலுமினிய உருண்டை. மத்தியானம் ஒரு மணிக்குச் சந்தைக்கு வெளியே, வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காரில் ஏறி முதல் கியர் போடக் கை வைத்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. அன்றிலிருந்து என் பழைய பள்ளிக் காலுறை ஒன்று அந்த உருண்டைக்குத் தொப்பியானது. லட்சம் வெள்ளிக் காருக்குக் காலுறைத் தொப்பி.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார் வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி இதில் கிடையாது. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் கருவி) உண்டு, பிரெம்போ பிரேக் உண்டு, மிச்சம் உங்கள் காலில் இருக்கிறது. நம் பக்கத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கொட்டும். அப்போது உதிரிப் பழ ரோட்டில் இதை ஓட்டுகிறவர் அவசரமில்லாத மனிதராக இருக்க வேண்டும்.

டைப் ஆர்: பின்சீட்டில்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவை ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மடியில் அர்ச்சனைத் தட்டு. பள்ளிக்கூடத்துக்கு முன் இரண்டாவது பம்பில் தேங்காய் துள்ளி என் சீட்டுக்கு அடியில் உருண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கம்பார் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா, நாங்க சின்ன வயசுல டிராக்டர் பின்னாடி ஏறித்தான் காட்டுக்குப் போனோம். அது இதுக்குத் தேவலாம் போலயே. இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு கதவு இருப்பதால் குடும்பக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் இடம் தாராளம், பொருள் வைக்கும் பூட்டும் பெரிது, ஆனால் பின் ஸ்பிரிங் கல். வீட்டில் முழங்கால் வலிக்காரரோ கர்ப்பிணியோ இருந்தால், இந்த ஒரு விஷயமே முடிவைச் சொல்லிவிடும்.

டைப் ஆர்: பட்டறையில்

ரோட்டில் இவ்வளவு முரடாக இருக்கும் இந்தக் கார் பட்டறைக்குப் போனால் பரம சாது. இன்ஜின் கே20ஏ. அதன் பங்காளி இன்ஜின்கள் நம் ரோட்டில் ஓடும் ஸ்ட்ரீம், சிஆர்வி, அக்கோர்ட் எல்லாவற்றிலும் இருந்தன. ஹோண்டா பார்க்கும் எந்தப் பொர்மேனுக்கும் (பட்டறை மெக்கானிக்) அந்தக் குடும்பம் பழக்கம். டைமிங் செயின், குறித்த கிலோமீட்டருக்கு பெல்ட் மாற்றும் வேலை கிடையாது. டர்போ இல்லை, அதைச் சுற்றிய குழாயும் இல்லை. எங்கள் ஊர் பொர்மேன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நம்ம ஆளு" என்றார். நல்ல எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

வலிக்கும் இடம் வேறு. இந்த ரகத்துக்கென்றே செய்த பாகங்கள், அதாவது முன் பம்பர், பின் இறக்கை, சிவப்பு சீட் எல்லாம் அரிதாகிக்கொண்டே வருகின்றன. தோட்டத்து எடைமேடையின் இரும்பு விளிம்பில் முன் பம்பரை உரசிவிட்டால் அசல் பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். நான் உரசினேன். சித்தப்பா மகனுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

டைப் ஆர்: பணத்தில் மறைந்திருப்பவை

விலை இறங்காது என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. பத்து வயது இளைய ஜிடிஐயை விட அதிக விலை சொல்லும் டைப் ஆர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நல்ல செய்திக்குள்ளேயே மூன்று தொல்லைகள்.

ஒன்று, லோன். இத்தனை வயதான காருக்குப் பல வங்கிகள் கைவிரிக்கும், அல்லது குறைந்த வருடத்துக்கு மட்டும் கொடுக்கும். மாதத் தவணை பெரிதாகும், இல்லையென்றால் ரொக்கம் வேண்டும்.

இரண்டு, காப்பீடு. காப்பீட்டுக்காரர் கணினியில் வரும் சந்தை விலையும், நீங்கள் கொடுத்த விலையும் ஒன்றாக இருக்காது. வித்தியாசத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், திருட்டுப் போன பிறகு உட்கார்ந்து அழ வேண்டியதுதான். ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையில் எழுத முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 55 விழுக்காடு என்சிடி (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு) உங்களிடம் இருந்தால் பிரீமியத்தில் பாதிக்கு மேல் தப்பிக்கலாம். இல்லாத இளைஞருக்கு முதல் வருடம் கசக்கும்.

மூன்று, தூக்கம். இந்தக் காரின் இன்ஜினுக்கும் சீட்டுக்கும் பிரேக்குக்கும் திருடர் சந்தையில் தனித்தனி மதிப்பு உண்டு. ஐந்து மாதமும் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நாய் குரைத்தாலும் எழுந்தேன், குரைக்காவிட்டாலும் எழுந்தேன். பூட்டிய கொட்டகை இல்லாத லயன் வீட்டில் இதை வைத்திருப்பது எந்த அட்டவணையிலும் வராத செலவு.

பெட்ரோல் கணக்கும் இருக்கிறது. இது ரோன் 97-ஐத்தான் கேட்கும். 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு (அடையாள அட்டை) காட்டி லிட்டர் 1.99 வெள்ளிக்கு வாங்கும் பூடி95 சலுகை ரோன் 95-க்கு மட்டும்தான். 97-ன் விலை சந்தையோடு ஏறி இறங்கும். ஐம்பது லிட்டர் தொட்டியை நிரப்பும்போது பக்கத்துப் பம்பில் நிற்கும் மைவிக் கார்க்காரரைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

ஜிடிஐ: ரோட்டிலும் பின்சீட்டிலும்

இதில் எழுத அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. அதே நான்கு கிலோமீட்டர், அதே பம்ப். 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறுக்கம் தெரியும், ஆனால் அடிக்காது. அடுத்த வருடம் அம்மாவை இதில் கல்லுமலைக்குக் கூட்டிப் போனேன். கோப்பெங் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். தேங்காய் தட்டிலேயே இருந்தது. கட்டம் போட்ட துணி சீட் இந்தக் காரின் பழைய அடையாளம். அதைப் பார்த்துவிட்டு "அப்பாவோட கைலி மாதிரி இருக்கு" என்று அக்கா சிரித்தார்.

பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) நேரத்துக்கு முன்பே கிளம்ப வேண்டிய நாளில் அக்கம்பக்கம் எழாமல் வெளியேறலாம். மழையில் இஎஸ்சி காவலுக்கு இருக்கிறது. ஈப்போ நெரிசலில் இடது காலுக்கு வேலை இல்லை. குறை என்றால் ஒன்றுதான். அறுபதில் போகும்போது இது ஒரு நல்ல கோல்ஃப், அவ்வளவே. இது ஸ்போர்ட்ஸ் காடி என்று மனதுக்குத் தெரிய வைக்க வேண்டுமென்றால், லைசன்சுக்கு ஆபத்தான வேகத்துக்குப் போக வேண்டும். டைப் ஆரோ பெட்ரோல் பம்ப் வரை போய்வந்தாலே தன்னைக் காட்டிவிடும்.

ஜிடிஐ: பட்டறையில்

இங்கேதான் சொகுசுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. டிஎஸ்ஜி என்ற பெயரைக் கேட்டாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். அதில் ஒரு குழப்பத்தை முதலில் தெளிவாக்கிவிடலாம். அதிகம் கெட்ட பெயர் வாங்கியது சிறிய இன்ஜின் கார்களில் வந்த ஏழு கியர் உலர் கிளச் பெட்டி. ஏழாம் தலைமுறை ஜிடிஐயில் இருப்பது ஆறு கியர், கிளச் எண்ணெயில் நனைந்தே ஓடும் வகை. குணமும் வேறு, பராமரிப்பும் வேறு. ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் அதன் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். முந்தைய சொந்தக்காரர் அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இன்ஜினில் அடிக்கடி பேசப்படுவது தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டேட் இருக்கும் பிளாஸ்டிக் கூடு. சூட்டில் நாளாவட்டத்தில் நெளிந்து கூலன்ட் கசியும். நின்ற இடத்தில் சொட்டு விழாது. கூலன்ட் அளவு மட்டும் மாதாமாதம் இறங்கும். கவனிக்காதவருக்கு இன்ஜினே செலவு வைக்கும்.

ஆனால் பாகத்தைவிட ஆள்தான் பிரச்சினை. எங்கள் பொர்மேன் இதன் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "தம்பி, இதுக்குக் கம்ப்யூட்டர் வேணும்" என்றார். டயர், பிரேக், எண்ணெய் வரை சரி. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போயாக வேண்டும். மூன்றாம் வருடம் கியர் விளக்கு மின்னியது. வெளியூரில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம், மெக்கட்ரானிக் (கியர்ப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி) போய்விட்டது, ஆயிரக்கணக்கில் ஆகும் என்று எழுதிக் கொடுத்தது. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. நண்பர் சொன்ன இன்னொருவரிடம் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன், விளக்கு அணைந்தது. இந்த அலைச்சலில் இரண்டு நாள் லீவும், ஒரு முறை இழுவை லோரிக் காசும் போனது. இப்படிப்பட்ட காருக்கு, வாங்கும் முன்பே ஒரு நம்பிக்கையான ஆளைப் பிடித்து வையுங்கள். ஆளைத் தேடி வைத்த பிறகு காரைத் தேடுங்கள்.

ஓட்டும்போது முரடாக இருக்கும் கார் வைத்திருப்பதற்குச் சுலபம். ஓட்டச் சுகமான கார் வைத்திருக்கும்போது முரண்டு பிடிக்கிறது. விளம்பரத்தில் 'கம்ஃபர்ட்' என்று எழுதுகிறவர் பார்ப்பது சீட்டை மட்டும். அதன் மறுபாதியை நான் இழுவை லோரியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பணத்தைப் பொறுத்தவரை ஜிடிஐ விலை இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது அது நமக்கு லாபம், விற்கும்போது நஷ்டம். ரோன் 95-லேயே ஓடுவதால் பூடி95 அட்டைக்கு வேலை உண்டு. வயது குறைவு என்பதால் லோன் கிடைப்பதும் எளிது.

மலை ரோட்டில் இரண்டும்

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர், கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை. வளைவுக்கு மேல் வளைவு; குறுகலான ரோடு; எதிரே காய்கறி லோரி. நம் வீட்டு வாசலில் இப்படியொரு ரோடு இருப்பதுதான் இந்த ஆசைக்கே காரணம் என்று சில சமயம் தோன்றும்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு டைப் ஆரில் ஏறினேன். லாத்தா இஸ்கண்டார் அருவி வரை இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டாம் கியர். வேகமுள் அறுபதைச் சுற்றியே இருந்தது. ஆனாலும் கை, கால், காது மூன்றுக்கும் ஓய்வில்லை. அருவியில் நிறுத்தி வடை வாங்கும்போது என் சட்டை நனைந்திருந்தது. விடெக்கை நான் முழுசாகத் திறந்தது நாலைந்து முறை இருக்கும். மற்றபடி அந்த ரோட்டில் அதற்கு இடமே இல்லை. அந்த நாலைந்து முறையைத்தான் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜிடிஐயில் அதே ரோட்டில் போனால் மலை சின்னதாகிவிடும். ஏற்றத்தில் கியரே மாற்றாமல் இழுக்கும். லோரியைத் தாண்ட இடம் கிடைத்தால் இரண்டு மூச்சில் தாண்டிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வாந்தி வராது. மேலே போய்ச் சேரும்போது சட்டை காய்ந்திருக்கும். வேகமாகவும் பத்திரமாகவும் போய்விட்டோம், ஆனால் வழியில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

செப்பாங் தடத்தில் காசு கட்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் கேள்வியே வேண்டாம், டைப் ஆர்தான். அந்தத் தடம் 5.543 கிலோமீட்டர், 1999-ல் திறந்தது. அப்படிப்பட்ட இடத்துக்காகவே பிறந்த கார் இது. ஆனால் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் அதே கல் ஸ்பிரிங்கில் போய், ஓட்டி, தேய்ந்த டயரோடு திரும்பி வர வேண்டும். வருடத்துக்கு எத்தனை முறை போவீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

வீட்டில் ஏற்கெனவே ஒரு மைவியோ சாகாவோ நிற்கிறதா? பூட்டிய கொட்டகை இருக்கிறதா? ரொக்கமாகக் கொடுக்க முடியுமா? மூன்றுக்கும் ஆமென்றால் டைப் ஆர் எடுங்கள், யோசிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காராக அது உங்களை ஏமாற்றாது. ஐந்து வருடம் கழித்து விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான்.

ஒரே கார்தான், அதில்தான் வேலைக்கும் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும், கல்யாணத்துக்கும் போக வேண்டும் என்றால் ஜிடிஐ. டெக்னீசியன் தினமும் ஈப்போ போய்வருகிறவர். அவருக்கு வேறு எதைச் சொன்னாலும் அவர் மனைவி என்னை வாசலில் சேர்க்கமாட்டார். ஆனால் மாதாமாதம் ஒரு தொகையைப் பழுதுக்கென்று தனியாக ஒதுக்கச் சொன்னேன். தவணை கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலையில் இந்தக் காரைத் தொடவே கூடாது.

டைப் ஆரை வாங்கி அப்சோர்பரை மாற்றி மென்மையாக்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; நன்றாகவும் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. செய்தே தீருவேன் என்றால் அசல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் வீட்டில் கட்டி வையுங்கள். அடுத்து வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அக்கா மகனுக்கு என்ன சொன்னேன்? "முதல்ல என்சிடி சேருடா" என்றேன். இன்னும் பேசுவதில்லை.

பார்க்கப் போகும்போது

டைப் ஆரில் முதல் வேலை, அது டைப் ஆர்தானா என்று பார்ப்பது. சாதாரண எஃப்டி சிவிக்குக்கு பம்பர், இறக்கை, சிவப்பு 'ஹெச்' எல்லாம் மாட்டி நிறுத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சொந்தக்காரருக்கே சந்தேகம் வராது. இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் கிராண்ட்டோடு (கார்ப் பதிவுப் பத்திரம்) ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். புஸ்பாகாம் வாகனச் சோதனைக்கு வர விற்பவர் தயங்கினால் அங்கேயே தே தாரிக்கை முடித்துக்கொண்டு கிளம்பலாம். ஓட்டும்போது இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு வேகமாக மாற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் கியர்ப் பெட்டியைத் திறக்க வேண்டிவரும்.

ஜிடிஐயில் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். ரோஸ் நிறக் கறை காய்ந்த தடம் இன்ஜினின் இடுக்கில் தெரிந்தால் கூடு கசிந்திருக்கிறது. நெரிசலில் ஊர்வதுபோல் மெல்ல மெல்ல நகர்த்துங்கள். குலுக்கல் இருக்கிறதா என்று பின்பக்கத்தால் உணருங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: விற்பவரிடம் காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பேசுவதற்கு முன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை உங்கள் காதில் விழாமல் செய்துவிட்டார் என்று அர்த்தம். வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.